அம்மம்மாவின் உழைப்பு எவர் கணக்கில்?

தை பிறந்துவிட்டால் நமது வடபுலத்துப் பாடசாலைகளில் விளையாட்டுப் போட்டிக் காலம் தொடங்கிவிடும். சுண்ணாம்புக் கோடிட்ட மைதானம், இல்லங்களின் வர்ணக் கொடிகள், ஓயாத ஒலிபெருக்கி, பிரதம விருந்தினருக்கென அமைத்த பந்தல் ஆகிய யாவும் எல்லோர் கண்ணிலும் படுவன. மைதானத்தின் ஒரு மூலையில், வேப்பமர நிழலிலோ தகரக் கொட்டகையிலோ, வகுப்பறை வாங்குகள் நாலைந்தை இணைத்துப் போட்டு நடத்தப்படும் சிற்றுண்டிச்சாலை மட்டும் அத்துணை கவனத்தைப் பெறுவதில்லை. தாகம் எடுத்தவர் அங்கு போவார்; வடையும் தேநீரும் வாங்குவார்; மிச்சக் காசை எண்ணிக்கொண்டு திரும்புவார். காலை தொடங்கி மாலை வரை அந்த வாங்குகளுக்குப் பின்னால் நிற்பவர் யார், எதற்காக நிற்கிறார் என்று கேட்பவர் சிலரே.

உற்று நோக்கினால், அவர்களுள் பலர் மாணவரின் பெற்றார் அல்லர், பெற்றாரைப் பெற்றவர்கள். பேர்த்தி வலைப்பந்தாட்டக் குழுவில் விளையாடுகிறாள். பேரன் பாண்ட் வாத்தியக் குழுவில் முரசு அடிக்கிறான். குழு மாகாணப் போட்டிக்கோ, கொழும்பில் நடைபெறும் அகில இலங்கைப் போட்டிக்கோ போகவேண்டும். பஸ் கூலி வேண்டும்; சப்பாத்து வேண்டும்; இரண்டு நாட் சாப்பாட்டுக்குக் காசு வேண்டும். அதற்காகவே இந்தக் கடை. அதற்காகவே அறுபதைக் கடந்த ஓர் அம்மம்மா முதல்நாள் இரவு உளுந்தை ஊறவிட்டு, விடியுமுன் எழுந்து அரைத்து, நாள் முழுவதும் அடுப்படியில் நிற்கிறாள்.

இதிலே ஆராய என்ன இருக்கிறது, பேர்த்திமேல் உள்ள பாசம்தானே என்று சொல்லிவிடலாம். ஆனால் பாசம் என்ற ஒரு சொல்லால் மூடிவிடக்கூடிய விஷயம் அன்று இது. ஊதியமின்றிச் செலுத்தப்படும் இந்த உழைப்பின் பயன் எவரைச் சேரவேண்டும்? தன் குழந்தைக்காகச் செய்வது பொதுத் தொண்டாகுமா? அரசாங்கம் செய்யவேண்டியதை ஒரு முதியவள் செய்யும்போது நாம் அவளைப் புகழவேண்டுமா, அரசாங்கத்தைக் கேள்வி கேட்கவேண்டுமா? மிகச் சிறிய ஒரு கடையில், ஒழுக்கவியலின் மிகப் பழைய கேள்விகள் மூன்று ஒன்றாகக் கூடி நிற்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பது ஆசிரியராகிய நமக்கும், நாளை ஆசிரியராகப் போகும் மாணவருக்கும் பயன் தருவதாகும்.

முதலில், நிற்பவர் ஏன் பாட்டியாக இருக்கிறார் என்பதைக் கவனிப்போம். தாய் விடியுமுன் ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறிவிடுகிறாள். அல்லது மத்திய கிழக்கில் வேறொருவர் வீட்டுக் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறாள். தந்தை கடலுக்குப் போயிருக்கிறார். கூலி வேலைக்குப் போயிருக்கிறார். சில வீடுகளிலே 2009இல் முடிந்த போர் அவரை மீட்டுத் தரவேயில்லை. ஒரு நாட் கூலியை இழக்காமல் ஒரு நாளைக் கொடுக்கக்கூடியவர் வீட்டில் எஞ்சியிருப்பவர் ஒருவரே. ஆகவே, பாட்டி கடையில் நிற்பது வெறும் பாசத்தின் விளைவு மாத்திரமன்று. உழைப்புச் சந்தை விலை கொடுக்க மறுத்த நேரம் அவளிடம் இருக்கிறது. அந்த நேரத்தையே அவள் கொண்டுவந்து கொடுக்கிறாள். சர்வதேச தொழிலாளர் தாபனம் 2018இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஊதியமின்றிச் செய்யப்படும் பராமரிப்பு உழைப்பின் மொத்த மணித்தியாலங்களில் 76.2 வீதத்தைப் பெண்களே செலுத்துகின்றனர் என்று கணக்கிட்டது. சிற்றுண்டிச்சாலையின் அடுப்படியும் அந்தக் கணக்கின் தொடர்ச்சியே.

இனி, பேர்த்திக்காகச் செய்வது தன்னலமா என்ற கேள்விக்கு வருவோம். முற்போக்குச் சிந்தனையுடையோரிற் சிலர் இவ்வகைத் தொண்டைச் சற்று ஏளனமாக நோக்குவதுண்டு. தன் பிள்ளை குழுவில் இருக்கும்வரை வருவார்கள். பிள்ளை பாடசாலையை விட்டு விலகியதும் இவர்களும் விலகிவிடுவார்கள். இது குடும்ப நலமேயன்றிச் சமூக உணர்வன்று என்பது அவர்கள் வாதம். இதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் இவ்வாதம் மனிதனை அவன் வளரும் இடத்திலிருந்து பிரித்துப் பார்க்கிறது. எவரும் மனித குலத்தை ஒட்டுமொத்தமாக நேசித்துவிட்டுப் பின்னர் தம் வீட்டுக்கு வருவதில்லை. நேசம் மடியிலே கிடக்கும் குழந்தையிலிருந்துதான் தொடங்குகிறது. அது எங்கே தொடங்கியது என்பதிலும் பார்க்க, எந்தப் பக்கம் வாசல் திறந்து வைத்திருக்கிறது என்பதே முக்கியம்.

வள்ளுவர் ஒப்புரவறிதலையும் ஈகையையும் இரண்டு வேறு அதிகாரங்களாக வகுத்து, ஒப்புரவை முன்னே வைத்தார். 22ஆம் அதிகாரம் ஒப்புரவு. 23ஆம் அதிகாரம் ஈகை. இல்லாதவனுக்கு இருப்பவன் கொடுப்பது ஈகை. ஊரோடு கூடி வாழ்பவன் ஊருக்குச் செய்யக் கடமைப்பட்டது ஒப்புரவு. முன்னையதில் கை மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு இருக்கின்றன. பின்னையதில் அந்த மேல் கீழ் இல்லை. அம்மம்மா கடையில் நின்று செய்வது ஈகையன்று. அவளிடம் ஈவதற்கு மிச்சம் எதுவுமில்லை. அவள் செய்வது ஒப்புரவு. நமது ஊர்களில் இதற்கு ஒரு நல்ல பழைய வழக்கமும் உண்டு. உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியை எடுத்து வேறொரு பானையில் இடுவது; வாரமுடிவில் அதைத் திரட்டி மடத்துக்கோ கோவிலுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ கொடுப்பது. பிடியரிசி என்றால் நமது கிராமத்தவர் இன்றும் விளங்கிக்கொள்வர். பிடியரிசியின் சிறப்பு அதன் சிறுமையிலன்று. அது போய் விழும் சாக்கிலேயே இருக்கிறது. சாக்கினுள் விழுந்தபின் எந்தப் பிடி எந்த வீட்டிலிருந்து வந்தது என்று எவராலும் பிரித்தெடுக்க முடியாது. சமைத்த சோறு, அரிசி கொடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் கொடுக்க இயலாத வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே அகப்பையால் போடப்பட்டது.

இதற்கு நேர்மாறான முறையொன்றும் உலகில் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாட்டில், பாடசாலை விளையாட்டுக் குழுக்களுக்கும் வாத்தியக் குழுக்களுக்கும் பெற்றாரும் பாட்டன் பாட்டிமாரும் கூடி ஆதரவாளர் சங்கங்கள் நடத்துகின்றனர். போட்டி நாட்களில் மைதானத்து உணவுக் கடைகளில் நின்று உழைத்து அவர்கள் பணம் சேர்ப்பது அந்நாட்டின் சர்வசாதாரணமான காட்சி. அவற்றுட் சில சங்கங்கள், உழைத்தவர் உழைத்த அளவுக்கு அவரவர் பிள்ளையின் பெயரிலே புள்ளிகளை வரவு வைத்து, அந்தப் பிள்ளை கட்டவேண்டிய கட்டணத்தைக் குறைத்து வந்தன. உழைக்காத குடும்பத்தின் பிள்ளை முழுக் கட்டணத்தையும் கட்டவேண்டும். விர்ஜினியா மாநிலத்தில் இயங்கிய ஜிம்னாஸ்டிக் ஆதரவாளர் சங்கமொன்றின் வழக்கு இவ்வகையில் வரி நீதிமன்றத்துக்குப் போயிற்று. பொதுநலச் சங்கம் என்ற பெயரில் வரிவிலக்குப் பெற்றிருந்த அச்சங்கம், உண்மையில் உழைத்த குடும்பங்களின் சொந்த நலத்துக்கே பெரிதும் பயன்பட்டது என்றும், ஆகவே அவ்விலக்குக்கு உரியதன்று என்றும் 2013இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

முதலாளித்துவ நாடொன்றின் வரி நீதிமன்றம் நமக்கு ஒழுக்கம் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனாலும் அந்த வழக்கு எழுப்பும் கேள்வி நமது கேள்வியே. உழைத்தவருக்கே பயன் என்பது கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. உழைக்காதவன் உண்ணலாகாது என்ற கோஷத்தை நாமே மேடைகளில் முழங்கியிருக்கிறோம். அவ்வாறாயின், கடைக்கு வராதவரின் பிள்ளைக்கு ஏன் பங்கு?

கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். வலைப்பந்தாட்டக் குழுவிலே 12 பிள்ளைகள் என்றும், கடையில் நின்றவர் நால்வர் என்றும், வந்த இலாபம் 36,000 ரூபா என்றும் வைத்துக்கொள்வோம். பொதுப் பெட்டியில் போட்டால் பிள்ளையொன்றுக்கு 3,000 ரூபா. உழைத்தவர் கணக்கில் போட்டால் நாலு பிள்ளைகளுக்கு 9,000 வீதம். எட்டுப் பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. வலைப்பந்தாட்டத்தில் ஒரு பக்கத்துக்கு எழுவர் இறங்கவேண்டும். நால்வரை மட்டும் ஏற்றிச் செல்லும் பஸ் போட்டிக்குப் போகும் பஸ் அன்று. உல்லாசப் பயணம் போகும் பஸ். தன் பேர்த்தி விளையாடவேண்டும் என்று விரும்பும் அம்மம்மா, அடுத்த வீட்டுப் பிள்ளையும் விளையாடவேண்டும் என்று விரும்பியே தீரவேண்டும். கூட்டு விளையாட்டு என்பதன் பொருள் இதுதான். அதைத் திறமையான பயிற்றுநரிலும் பார்க்க நன்றாகக் கற்பிக்கிறது இந்தக் கணக்கு.

வாசகர் ஒருவர் இங்கே மறுக்கலாம். ஓட்டப் பந்தயத்துக்கு இது பொருந்தாதே? ஜிம்னாஸ்டிக்கில் ஒருத்தி தனித்துத்தானே ஆடுகிறாள்? பிறருடைய பிள்ளை போகாவிட்டாலும் தன் பிள்ளை போய் வென்று வரலாமே? இம்மறுப்பு நியாயமானது. தேவை முடிந்த இடத்தில் ஒழுக்கம் தொடங்கவேண்டியிருக்கிறது. நமது விடை இது. கடையில் நின்றவர் கைகள் மாத்திரம் அந்த இலாபத்தை உண்டாக்கவில்லை. மைதானம் பொதுமக்களுடையது, வாங்கு பாடசாலையினுடையது, கூடிய சனம் பாடசாலையின் பெயருக்காகக் கூடியது. சந்திக் கடையில் 70 ரூபாவுக்கு விற்கும் வடையை இங்கே 100 ரூபா கொடுத்து ஒருவர் வாங்கினால், மேலதிகமான 30 ரூபாவை அவர் எதற்காகக் கொடுத்தார்? ருசிக்காகவன்று. ‘பிள்ளைகளுக்குத்தானே’ என்று சொல்லிக்கொண்டு கொடுத்தார். இன்ன பிள்ளைக்கு என்று அவர் சொல்லவில்லை. பெயர் சொல்லாமற் கொடுக்கப்பட்ட காசிலே பின்னர் ஒரு பெயரை எழுதிக்கொள்வது, கொடுத்தவரை ஏமாற்றுவதாகும். கடை எவ்வளவு சிறிதாயினும் அதன் இலாபம் சமூகத்தின் உற்பத்தி. அதைத் தனியுடைமையாக்க ஒருவருக்கும் உரிமையில்லை.

வராதவர் எல்லோரும் சோம்பேறிகள் என்ற எண்ணமும் தவறானது. ஆஸ்பத்திரியில் இரவு வேலை செய்து திரும்பிய தாய் காலையில் வடை சுட வரமாட்டாள். படுக்கையில் கிடக்கும் கணவரை விட்டுவிட்டு ஒரு பாட்டி வரமாட்டாள். பாட்டியே இல்லாத பிள்ளைகளும் வகுப்பில் இருக்கிறார்கள். உழைக்காதவன் உண்ணலாகாது என்ற வாக்கியம் பிறர் உழைப்பில் வாழும் சுரண்டற்காரனை நோக்கி எழுந்தது. அதை எடுத்து, உழைத்துக் களைத்து வராதவளின் குழந்தைமேல் எறிவது அந்த வாக்கியத்துக்குச் செய்யும் துரோகம்.

அப்படியாயின் வராதவரிடம் தண்டமாவது அறவிடலாமே என்று பாடசாலைக் கூட்டங்களில் யோசனை எழுவதுண்டு. வருகிறவர் வரட்டும், வராதவர் ஆயிரம் ரூபா கட்டட்டும் என்பார்கள். இஸ்ரேலின் ஹைஃபா நகரில் 10 குழந்தைப் பராமரிப்பு நிலையங்களில் நடத்தப்பட்டு 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று இங்கு நினைக்கத்தக்கது. பிள்ளையை அழைத்துச் செல்லப் பிந்தி வரும் பெற்றாருக்கு ஆறு நிலையங்களில் தண்டம் விதித்தனர். பிந்தி வருவோர் தொகை குறையவில்லை, கூடியது. தண்டத்தை நீக்கிய பின்னரும் பழைய நிலை திரும்பவில்லை. காரணம் தெளிவு. ஆசிரியையைக் காக்கவைக்கிறோமே என்று முன்னர் கூசியவர்கள், தண்டம் வந்ததும் அதை விலையாக எண்ணிக்கொண்டார்கள். விலை கொடுத்தபின் கூச்சம் எதற்கு? நமது சிற்றுண்டிச்சாலைக்கும் இதே கதி நேரும. வசதியுள்ளவர் ஆயிரம் ரூபாவை வீசிவிட்டுக் கடமை முடிந்தது என்று போவார். வசதியற்றவர் இரண்டு நாள் நிற்பார். பாடசாலை மைதானத்திலேயே வர்க்கப் பிரிவினை பகிரங்கமாக நடந்தேறும்.

பிரிவினையைப்பற்றிப் பேசும்போது, கடையின் உள்ளே நடப்பதையும் பார்க்கவேண்டும். பெட்டி பொதுவாக இருந்தாற் போதாது. காசுப் பெட்டிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு அமர்ந்திருப்பவர் யாருடைய பாட்டி? பின்னால் குந்தியிருந்து சட்டி தேய்ப்பவர் யாருடைய பாட்டி? இதைக் கேட்க நாம் கூசவேண்டியதில்லை. உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சம ஆசனத்தில் இருக்கவேண்டும் என்ற விதி 1930ஐ அண்டிய ஆண்டுகளில் வந்தபோது, அதைப் பொறுக்காதவர்கள் பாடசாலைகளுக்குத் தீ வைத்த மண் இது. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. அதற்குப் பின்னரும், 1960களின் பிற்பகுதியில், தேநீர்க் கடையினுள் நுழைந்து மற்றவர் குடிக்கும் கிளாசில் தேநீர் குடிப்பதற்காக இங்கே மனிதர் அடிபடவும் உயிர்விடவும் வேண்டியிருந்தது. ஒரு கிளாஸ் தேநீருக்கு இத்தகைய சரித்திரம் உள்ள நாட்டில், எல்லோருடைய பாட்டியும் தேநீர் ஊற்ற, எல்லோருடைய பிள்ளையும் அதை வாங்கிக் குடிப்பது சாதாரண நிகழ்ச்சியன்று. அந்த வாங்குகளுக்குப் பின்னால் சமத்துவம் ஒரு நாளுக்காவது நடைமுறைக்கு வரக்கூடிய வாய்ப்பு இருக்கிறது.

ஆனால், வாய்ப்பு என்பது வேறு; நடைமுறை என்பது வேறு. ‘அவவுக்குப் பாத்திரம் கழுவுறது பழக்கம்’ என்று ஒருவர் சர்வசாதாரணமாகச் சொல்லும்போது, சட்டத்தால் வெளியேற்றப்பட்டது பழக்கத்தின் பெயரால் உள்ளே வருகிறது. முறை வைத்து வேலை மாற்றுவது இதற்கு எளிய பரிகாரம். காலையில் மாவரைத்தவர் மதியத்தில் காசு வாங்கட்டும். காசு வாங்கியவர் மதியத்தில் கிளாஸ் கழுவட்டும். ஆண்களும் கழுவட்டும். கொட்டகை போட்டுவிட்டு நிழலில் அமர்ந்து பத்திரிகை வாசிக்கும் பாட்டன்மாருக்கும் கைகள் உண்டு.

இனி எஞ்சியிருப்பது எல்லாவற்றிலும் கடினமான கேள்வி. இந்தக் கடை ஏன் தேவைப்பட்டது?

இலங்கையில் 1945ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் முதல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா தலைமையிலான விசேட குழு 1943இல் அளித்த அறிக்கையே அதன் அத்திவாரம். பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கட்டணமின்றிக் கற்கலாம் என்ற அந்த ஏற்பாடு இல்லையெனில், இக்கட்டுரையை எழுதும் நாமும் படிக்கும் உங்களிற் பெரும்பாலோரும் எழுத்தறிவோடு நின்றிருப்போம். 1980இல் இலவசப் பாடநூல்கள் வந்தன. 1993இல் சீருடைத் துணி வந்தது. ஆனால் கல்வியை வகுப்பறையின் நாலு சுவர்களுக்குள் அடங்கும் ஒன்றாக எண்ணியே வரவுசெலவுத் திட்டங்கள் வரையப்பட்டு வந்தன. பந்து, சப்பாத்து, வாத்தியம், பிரயாணச் செலவு ஆகியன கல்வியின் பகுதியென மேடைகளில் ஒப்புக்கொள்ளப்பட்டாலும், பெரும்பாலும் பெற்றாரின் பைக்கே விடப்பட்டன. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதத்தைக் கல்விக்கு ஒதுக்கவேண்டும் என்று பல்கலைக்கழக ஆசிரியர்கள் 2012இல் மாதக்கணக்கில் போராடினார்கள். அந்த 6 வீதம் இன்றுவரை எட்டப்படவில்லை. 2022இல் நாடு வெளிக்கடனைச் செலுத்த முடியாதென அறிவித்தபின் விலைவாசி ஏறிய வேகத்தில், பிள்ளையின் சப்பாத்தும் பஸ் கூலியும் முன்னிருந்ததிலும் எட்டாத உயரத்துக்குப் போயின.

ஆகவே, அம்மம்மாவின் கடை அரசாங்கத்தின் கடனை அடைக்கும் கடை. அவள் சுடும் ஒவ்வொரு வடையும், கல்விக்கு ஒதுக்கப்படாத தொகையின் ஒரு துணுக்கை ஈடுசெய்கிறது. இதனை உணர்ந்த நண்பர் சிலர், அப்படியானால் இந்தக் கடையை மூடிவிடுவதே நேர்மையான செயல் என்பர். தொண்டர்கள் ஓட்டையை அடைக்க அடைக்க, ஓட்டையைப் போட்டவன் தப்பித்துக்கொள்கிறான். குழு போட்டிக்குப் போகாமல் நின்றுவிட்டால் அல்லவா ஊர் கொதித்தெழும் என்பது அவர்கள் தர்க்கம். கேட்பதற்கு இது புரட்சிகரமாக இருக்கிறது. ஆனால் இந்தத் தர்க்கத்துக்குரிய விலையை யார் செலுத்துகிறார்? தர்க்கம் செய்பவர் செலுத்துவதில்லை. பதினைந்து வயதுப் பிள்ளை செலுத்துகிறாள். ஒரு பிள்ளைக்குப் பதினைந்து வயது ஒரு முறைதான் வரும். அடுத்த வரவுசெலவுத் திட்டம் வரும்வரை அவளுடைய கால்கள் காத்திருக்கமாட்டா. பிறருடைய குழந்தையின் வாய்ப்பைப் பணயம் வைத்து நடத்தும் போராட்டம், எவ்வளவு சரியான கோரிக்கைக்காயினும், ஒழுக்கத்தால் பலவீனமானது. ஊர் கொதித்தெழும் என்பதற்கும் உத்தரவாதமில்லை. போகாத குழுவை ஊர் ஒரு வாரத்தில் மறந்துவிடுவதே வழக்கம்.

மறுபக்கத்தில், தொண்டின் மகிமையைப் பாடுவோரின் அபாயமும் உண்டு. 1958இல் அ. த. ஆரியரத்ன பாடசாலை மாணவரோடு ஒரு கிராமத்துக்குப் போய்த் தொடக்கிய சிரமதானம் பின்னர் நாடறிந்த இயக்கமாயிற்று. உழைப்பைத் தானமாகக் கொடுத்தல் உயர்ந்த செயல் என்பதில் ஐயமில்லை. ஆனால் கொடுப்பவன் கொடுக்கும்போதே அது தானம். கொடுக்கவேண்டியவன் கையை மடித்துக்கொண்டு, மற்றவன் கொடுப்பதைப் புகழ்ந்து மேடையில் பேசினால், அந்தப் புகழ்ச்சி ஒரு வகைத் திருட்டு. விளையாட்டுப் போட்டியின் முடிவில் பிரதம விருந்தினர் ‘நமது தாய்மாரின் தியாகத்தை’ மெச்சிப் பேசும்போது நாம் கைதட்டுகிறோம். அந்தத் தியாகம் ஏன் தேவைப்பட்டது என்று அதே மேடையில் எவரும் கேட்பதில்லை. அமெரிக்காவில் இது இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. பெரிய விளையாட்டரங்குகளில் உணவு விற்பனையைக் குத்தகைக்கு எடுத்த கம்பனிகள் சில, கூலிக்கு ஆள் வைக்கவேண்டிய கடைகளில் இத்தகைய சங்கங்களின் தொண்டர்களை நிறுத்தி, விற்பனையில் ஒரு பங்கைச் சங்கத்துக்குக் கொடுக்கின்றன. பேரனின் வாத்தியத்துக்காக நிற்கும் பாட்டி, தன்னையறியாமலே, கூலிக்கு நிற்கவேண்டிய இன்னொருத்தியின் இடத்தில் நிற்கிறாள். பாசத்தைக் கூட மூலதனம் மலிவான உழைப்பாக மாற்றிக்கொள்ளும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. பானக் கம்பனியின் பதாகை நமது மைதானத்துக் கொட்டகையில் ஏறும்போது நாம் இதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

கடையை மூடவும் கூடாது. கடையைப் பாடிப் புகழ்ந்து ஓயவும் கூடாது. அவ்வாறாயின் வேறு வழி என்ன? கடையைத் திறந்து வைத்துக்கொண்டே, அதைக் கேள்வி கேட்கும் இடமாக மாற்றுவதுதான் வழி. அதற்குப் பெரிய ஆயத்தம் எதுவும் வேண்டாம். ஓர் அப்பியாசக் கொப்பி போதும். கடை முடிந்த மாலையில் அதில் மூன்று கணக்குகள் எழுதப்படட்டும். முதலாவது, வரவும் செலவும் இலாபமும். இது எப்போதும் எழுதப்படுவது. ஆனால் செயலாளரின் பைக்குள் கிடப்பது. அது பெற்றார் கூட்டத்தில் உரக்க வாசிக்கப்படவேண்டும். இலாபம் பொதுப் பெட்டிக்குப் போயிற்று என்பதும், குழுவிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாகச் செலவிடப்பட்டது என்பதும் அனைவருக்கும் தெரியவேண்டும். இரண்டாவது, நின்றவர்களின் மணித்தியாலங்கள். இன்னார் இத்தனை மணி என்று பெயர் எழுதிப் போட்டிக்கு விடுவதற்காகவன்று. எல்லோருடைய மணித்தியாலங்களையும் கூட்டி ஒரே தொகையாக எழுதுவதற்காக. இலாபம் 36,000 ரூபா என்று மட்டும் சொன்னால், அது வானத்திலிருந்து விழுந்தது போலத் தோன்றும். அதன் பின்னால் 90 மணித்தியால உழைப்பு இருக்கிறது என்று சேர்த்துச் சொன்னால், அந்த உழைப்புக்கு ஊதியம் கொடுக்கப்படவில்லை என்பது தானாகவே வெளிப்படும்.

மூன்றாவது கணக்குத்தான் முக்கியமானது. இந்தப் பணம் எதற்குச் செலவாயிற்று, அவற்றுள் எவை அரசாங்கம் கொடுத்திருக்கவேண்டியவை என்ற பட்டியல் அது. பந்து, வலை, பஸ் கூலி, முதலுதவிப் பெட்டி. இப்பட்டியலின் ஒரு பிரதி கல்வித் திணைக்களத்துக்குப் போகட்டும். இன்னொன்று அப்பகுதியின் பாராளுமன்ற உறுப்பினருக்குப் போகட்டும். ஒரு பாடசாலை அனுப்பினால் அதைக் கோவையிலிட்டு மறந்துவிடுவார்கள். ஒரு வலயத்திலுள்ள பாடசாலைகளெல்லாம் ஆண்டுதோறும் அனுப்பினால், அது மறக்க முடியாத ஆவணமாகும். கோரிக்கையை மக்கள்முன் வைக்கும்போது, கோபத்தை மட்டுமன்றி எண்ணையும் வைக்கலாம். கடையை மூடிவிட்டுக் கோஷமிடுபவனிடம் இந்த எண் இல்லை. கடையில் நின்றவளிடமே இருக்கிறது.

ஆசிரியர் என்ற முறையில் நமக்கு இதில் ஒரு தனிப் பொறுப்பு உண்டு. கொப்பியை யார் எழுதுவது என்ற கேள்வி வரும்போது எல்லோரும் நம்மையே பார்ப்பார்கள். மாணவரையும் கூட்டி எழுதுவோம். எட்டாம் வகுப்புப் பிள்ளை இலாப நட்டக் கணக்கைக் கரும்பலகையில் படிப்பதிலும், தன் அம்மம்மாவின் உழைப்பை வைத்துப் படித்தால் நன்றாகப் படிப்பாள். அந்த உழைப்பு தன் கணக்கில் மட்டும் வரவு வைக்கப்படவில்லை, வகுப்பில் பாட்டியில்லாத தோழியின் கணக்கிலும் சேர்ந்தே வைக்கப்பட்டது என்று அவள் அறியட்டும். அந்தச் செலவை ஏற்கவேண்டியவர் வேறொருவர் என்பதையும், அவரிடம் கேட்கும் உரிமை தனக்கு உண்டு என்பதையும் அதே கொப்பியிலிருந்து அறியட்டும். ஒப்புரவையும் உரிமையையும் வெவ்வேறு பாடங்களாகப் பிரித்துக் கற்பித்ததனாலேயே, கொடுப்பவர் கேட்கத் தெரியாதவராகவும், கேட்பவர் கொடுக்கத் தெரியாதவராகவும் நம்மிடையே வளர்ந்திருக்கிறார்கள். இவ்வாண்டுப் போட்டிகளுக்கான கூட்டங்கள் நடைபெறும்போது, சிற்றுண்டிச்சாலைக்கு யார் பொறுப்பு என்று அதிபர் கேட்பார். கையை உயர்த்துவோம், அப்பியாசக் கொப்பியையும் கொண்டுபோவோம்.